சர்க்கரை நோயாளியின் தொடைவலி: சுளுக்கு என்று முடிவுகட்டும் முன்

கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பாவுக்கு 61 வயது, விவசாயி. 14 வருடமாகச் சர்க்கரை. நடவு முடிந்த கையோடு வலது தொடை வலிக்கிறது என்றார். சுளுக்கு என்று நினைத்து நான்தான் தினமும் எண்ணெய் போட்டு நீவிவிட்டேன். உள்ளூரில் ஊசி போட்டு, வலி மாத்திரை கொடுத்தார்கள். இரவில் லேசாகக் காய்ச்சல் வரும், மாத்திரை போட்டால் விட்டுவிடும். தொடை வீங்கியதும் ஓர் ஆஸ்பத்திரியில் டாப்ளர் ஸ்கேன் எடுத்து, "ரத்தக்கட்டு இல்லை, பயப்பட வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது வாரம் குளிர் நடுக்கம் வந்து பேச்சு குழறியது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது சர்க்கரை 430. தொடைத் தசைக்குள் சீழ் என்று அன்றிரவே ஆபரேஷன் செய்தார்கள். அரை லிட்டருக்குக் கிட்ட சீழ் எடுத்தார்களாம். சீழிலும் ரத்தத்திலும் ஒரே கிருமி வளர்ந்ததாகச் சொன்னார்கள். இப்போது 12 நாள் ஆகிறது, அப்பா எழுந்து உட்காருகிறார்.

காயமே இல்லாமல் உள்ளே எப்படிச் சீழ் வந்தது? ஏன் இவ்வளவு நாள் யாருக்கும் தெரியவில்லை? முதலில் போட்ட விலை அதிகமான ஊசிகளை நிறுத்திவிட்டு, விலை குறைந்த ஊசிக்கு மாற்றியிருக்கிறார்கள். அதையும் இன்னும் 4 வாரம் போட வேண்டும் என்கிறார்கள். இது சரியா? அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு, முடக்குவாதத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்கும் இப்படி வருமா? நான் நீவியதால்தான் ஆனதோ என்று நினைத்து நினைத்து எனக்குத் தூக்கமே வரவில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நீவியதால் அப்பாவின் தொடையில் சீழ் பிடிக்கவில்லை. வலி முதலில் வந்தது, நீங்கள் எண்ணெயைக் கையில் எடுத்தது அதற்கு அப்புறம்தான். வலி தொடங்கிய அன்றே கிருமி தசைக்குள் குடியேறிவிட்டது. கிருமி இருக்கும் தசையை அழுத்தி நீவுவது நல்லதில்லை, இனிமேல் யாருக்கும் செய்ய வேண்டாம். ஆனால் அதுதான் காரணம் என்று உங்களை நீங்களே வதைத்துக்கொள்ள வேண்டியதே இல்லை. நம் ஊரில் தொடை வலிக்கிறது என்றால் எந்த மகளும் அதைத்தான் செய்திருப்பாள்.

அப்பாவுக்கு வந்திருப்பதற்குப் பையோமயோசைட்டிஸ் என்று பெயர். தசைக்குள்ளேயே பாக்டீரியா பெருகிச் சீழ் கட்டும் நோய். 1885-லேயே ஸ்க்ரிபா என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை விவரித்து எழுதியிருக்கிறார். வெப்ப நாடுகளில்தான் அதிகம் என்பதால் ரொம்ப காலம் இதற்கு 'வெப்பமண்டல' என்ற அடைமொழி இருந்தது. எச்.ஐ.வி. பரவிய பிறகு குளிர் நாடுகளிலும் நிறையத் தென்பட ஆரம்பித்தது. எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பு எங்கே இருந்தாலும் அங்கே இந்த நோய் வரலாம். சர்க்கரை நோயாளிகள், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள், புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்கிறவர்கள், கல்லீரல் சுருங்கியவர்கள், நாள்பட ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள், சரியான ஊட்டமில்லாத முதியவர்கள் எல்லாரும் இந்தப் பட்டியலில் வருவார்கள்.

காயமே இல்லையே என்கிறீர்கள். அப்பாவின் விரல் இடுக்குகளைப் பார்த்தீர்களா? நடவு நேரத்தில் சேற்றுப்புண் இல்லாத கால் ஏது? குதிகால் வெடிப்பு, நகக்கண்ணில் ஒரு கீறல், சொறிந்த இடத்தில் ஒரு சிராய்ப்பு போதும். இந்த நோயைப் பெரும்பாலும் உண்டாக்குவது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி. வெப்ப நாடுகளில் பத்தில் ஒன்பது பேருக்கு வரை இதுதான் காரணம். இது எங்கிருந்தோ வர வேண்டியதில்லை. ஆரோக்கியமாக இருக்கிறவர்களிலேயே கிட்டத்தட்ட 30 சதவீதம் பேரின் மூக்குக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும். தோலில் சின்ன வழி கிடைத்தால் ரத்தத்தில் இறங்கிவிடும்.

ரத்தத்தில் இறங்கினாலும் தசையில் அது சுலபமாகத் தங்க முடியாது. கிருமி பெருக இரும்புச் சத்து வேண்டும். தசையில் இருக்கும் இரும்பு மயோகுளோபின் என்ற புரதத்தோடு இறுகப் பிணைந்து கிடக்கும், கிருமிக்கு எளிதில் கிடைக்காது. 1904-ல் மியாகே என்பவர் முயல்களின் ரத்தத்தில் இதே கிருமியைச் செலுத்திப் பார்த்தார். நல்ல தசையில் சீழ் வரவில்லை. முன்கூட்டியே நசுக்கியோ வேறு விதமாகவோ அடிபட வைத்த தசையில் மட்டும் வந்தது. அப்பா நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து, சேற்றில் காலை இழுத்து இழுத்து நடந்திருப்பார். தசை நார்களில் கண்ணுக்குத் தெரியாத சேதமும் ரத்தக்கசிவும் இருந்திருக்கும். கிருமிக்கு இடம் கிடைத்துவிட்டது. உடம்பில் பெரிய தசைகளான தொடை, புட்டம், இடுப்புக்குள் ஓடும் சோவாஸ் தசை ஆகியவற்றில்தான் இது அதிகம் வரும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் கிருமியைத் தேடிப்போய் விழுங்க வேண்டிய வெள்ளையணுக்களும் மந்தமாகிவிடும். அப்பாவுக்கு இந்த இரண்டும் சேர்ந்திருக்கின்றன.

ஏன் இவ்வளவு நாள் தெரியவில்லை என்ற உங்கள் கேள்வி மருத்துவர்களான நாங்களும் எங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்த நோய் மூன்று கட்டமாக முற்றும். முதல் 10 நாள், சிலருக்கு 3 வாரம் வரை, தசையில் பிடித்தாற்போல ஒரு வலி, லேசான காய்ச்சல், அவ்வளவுதான். அப்போது ஊசி போட்டு உறிஞ்சினாலும் சீழ் வராது, ஏனென்றால் இன்னும் சீழே கட்டியிருக்காது. இரண்டாவது கட்டத்தில் தசை வீங்கும், தொட முடியாமல் வலிக்கும், காய்ச்சல் கூடும். நோயாளிகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் எங்களிடம் வருகிறார்கள். மூன்றாவது கட்டத்தில் கிருமி ரத்தமெங்கும் பரவி ரத்த அழுத்தம் இறங்கும், சிறுநீர் குறையும், அறிவு தடுமாறும். அப்பாவுக்குப் பேச்சு குழறியது இந்தக் கட்டத்தின் வாசல். அன்றே கொண்டுபோனீர்கள், அதனால்தான் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறார்.

ஏமாற்றுவது தோல்தான். சாதாரணக் கட்டி என்றால் சிவக்கும், பழுக்கும், கண்ணுக்குத் தெரியும். இது தடித்த தசை உறைக்குள் ஆழத்தில் இருப்பதால் முதல் வாரங்களில் மேல் தோல் பார்க்க நன்றாகவே இருக்கும். கை வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். சுளுக்கு பிடித்த தசை அழுத்தினால் வலிக்கும், ஆனால் மிருதுவாகவே இருக்கும். இது மரக்கட்டை போல இறுகி இருக்கும். இன்னொன்றும் செய்து பார்க்கலாம். முழங்கால் சில்லுக்கு மேல் ஒரே உயரத்தில் இரண்டு தொடையையும் டேப்பால் அளக்க வேண்டும். ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால், அது ஏன் என்று காரணம் தெரியும்வரை நோயாளியை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அரை நிமிட வேலை இது. கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில்கூடச் செய்ய முடியும்.

சோவாஸ் தசையில் சீழ் என்றால் தொடையில் எதுவுமே தெரியாது. இடுப்பும் அடிவயிறும் வலிக்கும். நோயாளி அந்தப் பக்கக் காலை மடக்கியபடியேதான் படுத்திருப்பார், நீட்டச் சொன்னால் துடித்துப்போவார். வலது பக்கம் என்றால் குடல்வால் என்று நினைத்து ஏமாறுவதும் உண்டு.

அப்புறம் அந்த வலி ஊசியும் மாத்திரையும். டைக்ளோஃபெனாக், பாராசிட்டமால் எல்லாம் வலியோடு காய்ச்சலையும் சேர்த்து இறக்கிவிடும். "மாத்திரை போட்டால் விட்டுவிடும்" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, காய்ச்சல் விடவில்லை, மாத்திரை அதை மறைத்துக்கொண்டிருந்தது. சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்துக்கு டைக்ளோஃபெனாக் தனியாக ஒரு கெடுதல். நாள்பட்ட சர்க்கரையில் நரம்பு மரத்திருப்பதால் சிலருக்கு வலியே குறைவாகத் தெரியும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு ரத்தத்தில் வெள்ளையணு எண்ணிக்கை ஏறாமலே இருக்கலாம். தசை நோய் என்றால் சி.பி.கே. என்ற தசை நொதி கூடுமே என்று அதைப் பார்த்து, இயல்பாக இருக்கிறது என்று நிம்மதியடைவதும் தவறு. இந்த நோயில் அது பல சமயம் இயல்பாகவோ கொஞ்சம் மட்டும் கூடியோதான் இருக்கும்.

டாப்ளர் எடுத்தும் தெரியவில்லையே என்று உங்களுக்குத் தோன்றலாம். வீங்கிய காலில் ரத்தக்கட்டு இருக்கிறதா என்று பார்த்தது சரிதான். ஆனால் டாப்ளர் ரத்தக்குழாய்களைப் பார்ப்பதற்கு. 'ரத்தக்குழாய் பார்க்கவும்' என்று சீட்டில் எழுதினால் குழாயைப் பார்த்து அறிக்கை கொடுப்பார்கள். அதே கருவியை நாலு விரல் தள்ளி தசைமேல் வைத்திருந்தால் சீழ் தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு. ஸ்கேனுக்கு எழுதும் மருத்துவர் 'தசையையும் பார்க்கவும், சர்க்கரை நோயாளி, காய்ச்சல் இருக்கிறது' என்று சேர்த்து எழுத வேண்டும். அவர் எழுதவில்லை என்றால் கூடப் போகிறவர் ஸ்கேன் எடுப்பவரிடம் வாயால் சொல்லலாம். தப்பே இல்லை, அவருக்கும் உதவியாகத்தான் இருக்கும்.

இதில் என் கருத்து கறாரானது. சர்க்கரை இருக்கிற ஒருவருக்கு ஒரே இடத்தில் தசை வலி, கூடவே காய்ச்சல், அல்லது அந்தக் காலை ஊன்ற முடியவில்லை என்றால், தசையை ஸ்கேன் செய்யாமல் சுளுக்கு என்று சொல்லக் கூடாது. அல்ட்ராசவுண்ட் பெரும்பாலான ஊர்களில் கிடைக்கிறது, செலவும் குறைவு, சீழ் தெரிந்தால் அதே இடத்தில் ஊசியை வழிகாட்டி இறக்கிவிடலாம். ஆரம்ப நாட்களில் அதில் எதுவும் தெரியாமல் போகலாம், அப்போது எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். சீழ் கட்டும் முன்பே தசை வீங்கியிருப்பதையும், பக்கத்து எலும்புக்குப் பரவியிருப்பதையும் அதுதான் காட்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மருந்து ஏற்றி எடுப்பதா, ஏற்றாமலா என்பதை மட்டும் யோசித்து முடிவு செய்ய வேண்டும்.

சீழ் என்று தெரிந்துவிட்டால் அதை வெளியே எடுத்தாக வேண்டும். மாத்திரையில் கரைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கட்டிய சீழுக்குள் மருந்து சரியாகப் போய்ச் சேராது. சின்னதாக இருந்தால் ஸ்கேன் பார்த்துக்கொண்டே குழாய் வைத்து வடிக்கலாம், அப்பாவுக்கு இருந்த அளவு என்றால் திறந்துதான் எடுக்க வேண்டும். அப்படி எடுக்கும்போது முதல் சீழ் நேராகச் சுத்தமான குப்பியில் லேபுக்குப் போக வேண்டும். ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் ரத்தக் கல்ச்சரை முதல் ஆன்டிபயாட்டிக் ஊசிக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். இந்த வரிசை மாறினால் கிருமியின் பெயர் தெரியாமலே வாரக்கணக்கில் குருட்டாம்போக்கில் மருந்து போட வேண்டியிருக்கும். அப்பாவுக்கு இரண்டிலும் கிருமி வளர்ந்திருக்கிறது. வரிசை தப்பாமல் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இப்போது உங்கள் ஊசிக் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய கல்ச்சர் ரிப்போர்ட்டில் கிருமி ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், மெதிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்குக் கட்டுப்படும் வகை என்று இருக்கிறது. முதல் இரவில் எது கிருமி என்று யாருக்கும் தெரியாது. அப்பா சர்க்கரை நோயாளி, அபாய நிலையில் வந்திருக்கிறார். எனவே மெதிசிலினுக்குக் கட்டுப்படாத எம்.ஆர்.எஸ்.ஏ. வகைக்காக வாங்கோமைசினும், சர்க்கரை நோயாளிகளிடம் கூடுதலாகக் காணப்படும் கிளெப்சியெல்லா, ஈ.கோலை போன்ற கிருமிகளுக்காக இன்னொன்றும் சேர்த்துப் போட்டார்கள். அது சரியான முடிவு. ரிப்போர்ட் வந்த பிறகு இரண்டையும் நிறுத்திவிட்டு செஃபசோலினுக்கு மாற்றியது அதைவிடச் சரியான முடிவு. கட்டுப்படும் வகைக் கிருமியைக் கொல்வதில் வாங்கோமைசினைவிட செஃபசோலின், குளோக்சாசிலின் போன்றவை மேலானவை. விலைக்கும் வீரியத்துக்கும் சம்பந்தமில்லை. வாங்கோமைசின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், 14 வருடச் சர்க்கரையில் அதுவும் ஒரு கவலை. மாற்றியது செலவைக் குறைக்க என்று நினைத்து டாக்டரோடு மனஸ்தாபம் வேண்டாம், உண்மையில் நீங்கள் நன்றி சொல்ல வேண்டும்.

4 வாரம் எதற்கு என்றால், ரத்தத்திலும் கிருமி வளர்ந்ததால். தசையில் மட்டும் இருந்து, சீழும் முழுதாக வடிந்து, நோயாளியும் தேறிவந்தால் 2 முதல் 3 வாரத்தில் முடித்துக்கொள்வதுண்டு. இந்தக் கிருமி ரத்தத்தில் ஓடியிருந்தால் கதை வேறு. இதயத்தின் வால்வில் போய் ஒட்டிக்கொள்ளும், முதுகெலும்பில் தங்கும், இன்னொரு தசையில் இன்னொரு கட்டியாக வரும். அதனால் இரண்டு விஷயங்களை நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, சிகிச்சை தொடங்கி இரண்டு மூன்று நாளில் திரும்ப ரத்தக் கல்ச்சர் எடுத்தார்களா, அதில் கிருமி இல்லையா? நாள் கணக்கே அப்படிக் கிருமி இல்லை என்று வந்த முதல் கல்ச்சர் நாளிலிருந்துதான் தொடங்கும், ஆபரேஷன் நாளிலிருந்து இல்லை. இரண்டாவது, இதய வால்வுகளைப் பார்க்கும் எக்கோ ஸ்கேன். நீங்கள் அனுப்பிய தாள்களில் அது இல்லை. ரத்தத்தில் இந்தக் கிருமி வளர்ந்த பெரியவர்கள் எல்லாருக்கும் எக்கோ எடுக்க வேண்டும். வால்வில் ஏதாவது இருந்தால் நாள் கணக்கு 6 வாரத்துக்கு நீளும். ஊசியை நடுவில் நிறுத்தி மாத்திரைக்கு மாறலாமா என்பதெல்லாம் இவை தெரிந்த பிறகு அந்த டாக்டர் சொல்ல வேண்டியது. பக்கத்து வீட்டில் சொல்வதைக் கேட்டு டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

இடையில் காய்ச்சல் திரும்பினாலோ, தொடை மறுபடி இறுகினாலோ, புதிதாக முதுகோ மறுகாலோ வலித்தாலோ அன்றே சொல்லுங்கள். சிலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தசைகளில் சீழ் இருக்கும். ஒன்றை வடித்துவிட்டு மற்றதை விட்டிருந்தால், எத்தனை ஊசி போட்டாலும் காய்ச்சல் நிற்காது. மருந்தை மாற்றும் முன் திரும்ப ஸ்கேன் எடுப்பதுதான் முறை.

அப்பாவின் கிருமி வழக்கமானது, ஆனால் இதே நிலையில் வேறு இரண்டு நோய்களை எப்போதும் மனதில் வைத்திருக்க வேண்டும். ஒன்று காசநோய். முதுகெலும்பைத் தாக்கும் காசநோயின் சீழ் சோவாஸ் தசை வழியாகவே இறங்கித் தொடை இடுக்கில் வந்து எட்டிப்பார்க்கும். சூடும் இருக்காது, பெரிய வலியும் இருக்காது. நம் ஊரில் தசைச் சீழ் எடுத்தால் காசநோய்ப் பரிசோதனைக்கும் ஒரு குப்பி அனுப்ப வேண்டும். இன்னொன்று மெலியாய்டோசிஸ். 1912-ல் ரங்கூனிலிருந்து விட்மோரும் கிருஷ்ணசாமியும் எழுதிய நோய் இது. கிருமி மண்ணிலும் சேற்றுத் தண்ணீரிலும் வாழும், வயலில் இறங்கும் சர்க்கரை நோயாளிகளையே அதிகம் பிடிக்கும், தமிழ்நாட்டிலும் இருக்கிறது. நுரையீரல், கல்லீரல், மண்ணீரல், தசை என்று எங்கேயும் சீழ் வைக்கும். லேபில் இதை வேறு கிருமி என்று தவறாக அடையாளம் கண்டு ஒதுக்கிவிடுவதுண்டு. "நோயாளி வயலில் வேலை செய்கிறவர், சர்க்கரை உண்டு" என்ற ஒரு வரி லேப் சீட்டில் இருந்தால் அவர்கள் விழிப்பாகப் பார்ப்பார்கள். இதற்கு செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசியும், அதற்கு அப்புறம் குறைந்தது 3 மாதம் கோட்ரைமாக்சசோல் மாத்திரையும் தேவை. கிருமியின் பெயர் தெரிவது எவ்வளவு முக்கியம் என்பது இதிலேயே புரியும்.

வீங்கிய தொடை எல்லாமே கிருமி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பல வருடம் சர்க்கரை கட்டுப்படாமல், சிறுநீரகமும் கண்ணும் பழுதான சிலருக்கு ரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசையின் ஒரு பகுதி செத்துப்போகும். திடீரென்று தொடை வலிக்கும், வீங்கும், காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது. அதைச் சீழ் என்று நினைத்துக் கிழித்தால் ஆற ரொம்ப நாளாகும். ஓய்வும் வலி நிவாரணமும் சர்க்கரைக் கட்டுப்பாடும்தான் அதற்கு வைத்தியம். ஸ்கேன் பார்க்காமல் கத்தி எடுக்கக் கூடாது என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் ஒரு நோயில் மட்டும் ஸ்கேனுக்காகக் காத்திருக்கக் கூடாது. நெக்ரோடைசிங் ஃபேஷியைட்டிஸ் என்று அதற்குப் பெயர். தசையைச் சுற்றியிருக்கும் உறை வழியாகக் கிருமி ஓடி, போகிற வழியெல்லாம் திசுவைச் சாகடிக்கும். அப்பாவுக்கு வந்தது வாரக்கணக்கில் வளர்ந்தது, இது மணிக்கணக்கில் பரவும். காலையில் கணுக்காலில் இருந்த வீக்கம் மாலைக்குள் முழங்காலைத் தாண்டும். பார்க்கச் சின்னச் சிவப்புதான் இருக்கும், நோயாளியோ வலியில் கத்துவார். அப்புறம் தோல் கருநீலமாகும், நீர்க்கொப்புளம் வரும், முதலில் அப்படி வலித்த இடம் தொட்டால் உணர்ச்சியே இல்லாமல் மரத்துப்போகும். வலி குறைந்தது என்று அந்த இடத்தில் யாரும் நிம்மதியடையக் கூடாது, நரம்பு செத்துவிட்டது என்று பொருள். ரத்தப் பரிசோதனைகளை வைத்து மதிப்பெண் போட்டு இதைக் கணிக்கும் ஒரு முறையை 2004-ல் சிங்கப்பூர் மருத்துவர்கள் கொண்டுவந்தார்கள், ஆனால் மதிப்பெண் குறைவு என்பதற்காக இந்த நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. சந்தேகம் வந்தால் அறுவை அரங்கில் திறந்து பார்ப்பதுதான் பரிசோதனை, அதுவேதான் சிகிச்சையும். செத்த திசுவை முழுதும் நீக்கி, ஒரு நாளுக்குள் மறுபடி திறந்து பார்ப்பார்கள். கிருமி கக்கும் நச்சைக் குறைக்க கிளிண்டாமைசினையும் சேர்த்துப் போடுவார்கள். இந்த அறிகுறிகள் தெரிந்தால் உள்ளூர் கிளினிக்குக்குப் போகாமல், 108-ஐ அழைத்து, இரவிலும் ஆபரேஷன் செய்யக்கூடிய ஆஸ்பத்திரிக்கு நேரே போங்கள்.

சர்க்கரைக்கு இப்போது இன்சுலின் போடுகிறார்கள் என்று நினைக்கிறேன், அதையே தொடரட்டும். ஒன்றைக் கவனியுங்கள். கிருமி அடங்க அடங்க இன்சுலின் தேவையும் குறையும். 430-ல் இருந்தபோது போட்ட அளவையே வீட்டுக்கு வந்தும் போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். டிஸ்சார்ஜ் ஆன முதல் இரண்டு வாரம் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதி வையுங்கள், அந்த நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள். அப்பா முன்பு சாப்பிட்ட மாத்திரைகளில் டபாகிளிஃப்ளோசின் போல 'கிளிஃப்ளோசின்' என்று முடியும் பெயர் இருந்தால், கடும் தொற்று இருக்கும்போது அதைச் சாப்பிடக் கூடாது. சர்க்கரை பெரிதாக ஏறாமலே ரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து அதில் உண்டு. திரும்ப எப்போது தொடங்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறப்புறுப்பைச் சுற்றி ஃபேஷியைட்டிஸ் வருவது பற்றி இந்த மாத்திரைகளுக்கு 2018-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை கொடுத்தது. ரொம்ப அரிதுதான், மாத்திரையும் நல்ல மாத்திரைதான், ஆனாலும் அங்கே வலியோ வீக்கமோ வந்தால் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும். சாப்பாட்டில் முட்டை, மீன், பருப்பு தாராளமாக இருக்கட்டும். இவ்வளவு பெரிய புண் ஆறப் புரதம் வேண்டும், "புண்ணுக்குப் பத்தியம்" என்று கஞ்சியோடு நிறுத்திவிடாதீர்கள்.

அம்மா விஷயம். இது ஒட்டுவாரொட்டி வியாதி இல்லை, அப்பாவிடமிருந்து அம்மாவுக்குத் தாவாது. ஆனால் சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்திருப்பதால் அம்மாவும் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்தான். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்குக் காய்ச்சல் 99-ஐத் தாண்டாமலேகூடக் கிருமி பரவும். அவருக்கு மூட்டுவலி பழகிப்போனது, அதனால் புதிய வலி வந்தால் "வழக்கமானதுதான்" என்று அவரே தள்ளிவிடுவார். வழக்கமாக வலிக்கும் மூட்டு இல்லாமல், தொடையோ இடுப்போ புட்டமோ ஒரு பக்கம் மட்டும் இரண்டு மூன்று நாள் விடாமல் வலித்தால் அன்றே காட்டுங்கள். சர்க்கரை காரணமில்லாமல் எகிறுவதும் ஓர் அறிகுறி, காய்ச்சலுக்கு முன்பே அது காட்டிக்கொடுக்கலாம். பயந்துபோய் ஸ்டீராய்டை மட்டும் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். நாள்பட்ட ஸ்டீராய்டை ஒரேயடியாக நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும், காய்ச்சல் நேரத்தில் சிலருக்கு அளவைக் கூட்டவே வேண்டியிருக்கும். அவர் முடக்குவாதத்துக்கு மெதோட்ரெக்சேட் என்ற மாத்திரையும் சாப்பிடுகிறார் என்றால், கடுமையான தொற்று வந்தால் அதைத் தற்காலிகமாக நிறுத்துவது வழக்கம். இரண்டையும் அவருடைய மூட்டு டாக்டரிடம் இப்போதே கேட்டு, ஒரு தாளில் எழுதி மருந்து டப்பாவில் போட்டு வையுங்கள். ராத்திரியில் அவசரமாகப் போகும்போது, கூட்டிப்போவது நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.

அப்பாவை நடக்க வைப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். சர்ஜன் சரி என்றதும் பிசியோதெரபிஸ்ட் சொல்கிறபடி முழங்காலை மடக்கி நீட்டும் பயிற்சியைத் தொடங்குங்கள். தொடைத் தசை ஒட்டிக்கொண்டால் அப்புறம் முழங்கால் மடங்காது, களத்தில் உட்கார்ந்து எழுவதும் கஷ்டமாகிவிடும். புண் முழுதும் மூடும்வரை வயலில் இறங்கக் கூடாது. அதற்கு அப்புறமும் சேற்றுப்புண்ணுக்குக் களிம்பு போட்டு ஆற்றிவிட்டு, கால் வெடிப்பு எதுவும் திறந்திருக்கவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். முடிந்தால் முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ளட்டும். பூட்ஸ் போட்டு நடவு நட முடியாது என்று சொல்வார், அது எனக்கும் தெரியும். வரப்பு வெட்டுவது, தண்ணீர் கட்டுவது போன்ற வேலைக்காவது போடச் சொல்லுங்கள்.

எக்கோ எடுத்தார்களா, ரத்தக் கல்ச்சர் எந்தத் தேதியில் சுத்தமாக வந்தது என்ற இரண்டையும் நாளைக் காலை ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். எக்கோ எடுத்திருந்தால் அந்த ரிப்போர்ட்டைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.